நெய்யில் இறங்கிய கஞ்சா மென்மையானதா?

கஞ்சாவைப் புகைப்பதைவிட உண்பது மென்மையானதா? நெய்யிலோ வெண்ணெயிலோ அதன் சாரத்தை இறக்கி இனிப்போடு சேர்த்துச் சாப்பிட்டால் விளைவு தணியுமா, கூடுமா? இந்தக் கேள்விக்கு அரசர்களும் மருத்துவர்களும் ஆணையங்களும் நீதிமன்றங்களும் வெவ்வேறு விடைகளைச் சொல்லியிருக்கிறார்கள். பாபர் தம் நினைவுக் குறிப்புகளில் மஜூன் என்ற போதை இனிப்பை உண்டதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். 1563இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்த்தாவின் மருந்துப் பொருள் நூலில், கஞ்சாவின் ஒரு வடிவமான பாங்கு ஒரு தனி உரையாடலாகவே இடம்பெற்றது. அமெரிக்காவின் சில மாநிலங்களிலும் கனடாவிலும் இப்போது வீட்டு அடுப்பிலேயே கஞ்சா வெண்ணெய் தயாராகிறது. பழைய கேள்வி இந்தப் புதிய சமையலறைகளில் முன்பைவிட அவசரமாக எழுந்திருக்கிறது.

இதுவரை வந்த விடைகளை இரண்டாகப் பிரிக்கலாம். உண்பதே சாதுவானது என்பது ஒன்று. உண்பதே கடுமையானது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஓரளவு ஆதாரம் உண்டு. எந்த இடத்தில் எது பொருந்தும் என்று பிரித்துப் பார்க்காததால்தான் சட்டமும் மருத்துவமும் சந்தையும் மாறி மாறித் தடுமாறியிருக்கின்றன.

கொழுப்பு எதற்கு

கஞ்சாவின் போதைக்குப் பெரும்பாலும் காரணமான டி.எச்.சி. என்ற சேர்மம் தண்ணீரில் ஏறக்குறைய கரைவதே இல்லை. கொழுப்பில் நன்றாகக் கரையும். பச்சைச் செடியில் அது ஓர் அமில வடிவில் இருக்கிறது. அந்த வடிவத்துக்குப் போதை தரும் ஆற்றல் மிகக் குறைவு. சூடு பட்டால் அமிலத்திலிருந்து கரியமில வாயு பிரிந்து டி.எச்.சி. உருவாகிறது. ஆக, சமைப்பவர் செய்வது இரண்டு வேலைகள். சூடு காட்டிச் சேர்மத்தை உருமாற்றுகிறார், கொழுப்பில் அதைப் பிடித்துவைக்கிறார். புகைப்பவருக்கு இந்த இரண்டு வேலையையும் நெருப்பும் நுரையீரலும் நொடிகளில் முடித்துவிடுகின்றன.

இந்த வேதியியல் தெளிவானது மிகப் பிந்தித்தான். 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெகியேல் கவோனியும், போலீசார் பறிமுதல் செய்த லெபனான் கஞ்சாப் பிசினிலிருந்து டி.எச்.சி.யைப் பிரித்து அதன் அமைப்பை விளக்கினார்கள். 1985இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்த மாரினால் மாத்திரைக்குள் இருந்தது, செயற்கை டி.எச்.சி. கரைத்த நல்லெண்ணெய். நெய்ச் சட்டியில் நடந்துவந்த காரியம்தான், அளவு மட்டும் துல்லியமாகிவிட்டது.

கல்கத்தாவில் ஒரு மஜூன் சட்டி

நெய்யில் கஞ்சா இறக்கும் முறையைப் பற்றிய மிக நுணுக்கமான பழைய பதிவுகளில் ஒன்று 1839ஐச் சேர்ந்தது. கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் வில்லியம் புரூக் ஓஷானசி, நகரில் பேர்பெற்ற கஞ்சாக் கடைக்காரரான அமீர் என்பவர் மஜூன் செய்வதைப் பலமுறை பக்கத்திலிருந்து பார்த்து எழுதியிருக்கிறார். இலையும் நெய்யும் தண்ணீரும் ஒரே பாத்திரத்தில் கரி நெருப்பின் மேல் ஏறுகின்றன. கை ஓயாமல் கிளறுகிறார்கள். தண்ணீர் வற்றிவிட்டது என்பதற்கு அடையாளம், பாத்திரத்தின் ஓரங்களில் நெய் படபடவென்று வெடிக்கும் சத்தம். சூடு ஆறுமுன் துணியில் பிழிகிறார்கள். பச்சை நெய் இறங்கி உறைகிறது. பிறகு அதைத் தண்ணீர் விட்டுக் கையால் திரும்பத் திரும்பப் பிசைந்து, கழுவும் நீரில் நிறம் வருவது நிற்கும்வரை அலசுகிறார்கள். மிஞ்சுவது வெளிர்பச்சை நிறத்தில் களிம்புபோன்ற ஒரு திரள். அதுதான் சர்க்கரையோடும் பாலோடும் சேர்ந்து வில்லையாகிறது.

இந்தச் சிறு விவரங்களுக்குள் அனுபவ அறிவு நிறைய இருக்கிறது. தண்ணீர் இருக்கும்வரை சூடு கொதிநிலையைத் தாண்டாது, நெய் கருகாது. வெடிக்கும் சத்தம் எப்போது இறக்க வேண்டும் என்று சொல்கிறது. கழுவுவதால் கசப்பும் பச்சையமும் போகின்றன. அமீர் அந்தக் கழுநீரைக் குடித்தால் தொண்டை இறுகும், கெடுதல் என்று எச்சரித்ததையும் ஓஷானசி குறித்துவைத்திருக்கிறார். சித்த, ஆயுர்வேத மரபுகளில் கஞ்சாவை முதலில் சுத்தி செய்துவிட்டுப் பிறகே லேகியத்தில் சேர்க்கும் வழக்கத்தையும் இதே வரிசையில் வைத்துப் பார்க்கலாம். மூலப்பொருளை அப்படியே உடலுக்குள் விடக்கூடாது என்ற எண்ணம் இரண்டிலும் தெரிகிறது. ஆனால் இந்தக் கைப்பக்குவத்தில் எங்கும் இல்லாத ஒன்று, ஒரு வில்லையில் சாரம் எவ்வளவு என்பதற்கான அளவுகோல்.

அந்தக் குறையின் விளைவையும் ஓஷானசியே பார்த்துவிட்டார். மருத்துவமனையில் மூட்டுவாதத்தால் அவதிப்பட்ட மூவருக்குப் பிற்பகல் 2 மணிக்கு ஒரே அளவு கஞ்சாப் பிசினைக் கரைசலாகக் கொடுத்தார். 4 மணிக்கு ஒருவர் உரக்கப் பாடிக்கொண்டும் சாப்பாடு கேட்டுக்கொண்டும் இருந்தார். 6 மணிக்குத் தூக்கம் கண்ணைக் கட்டியது. 8 மணிக்கு நினைவில்லை. கையையோ காலையோ எந்த நிலையில் தூக்கி வைத்தாலும் அப்படியே நின்றது. இரண்டாமவருக்கும் அதே நிலை. மூன்றாமவருக்கு ஒன்றுமே ஆகவில்லை. விசாரித்தபோது, அவர் ஏற்கெனவே கஞ்சா புகைத்துப் பழகியவர் என்று தெரிந்தது. விளைவு மணிக்கணக்கில் தாமதிப்பதும், பழகிய உடலுக்கும் பழகாத உடலுக்கும் உள்ள தூரமும் இந்த ஒரே வார்டில் வெளிப்பட்டுவிட்டன. பிற்கால ஆய்வுகள் இதற்கு எண்களை மட்டுமே சேர்த்தன என்று சொன்னால் மிகையாகாது.

பாங்கு சாது என்ற விடை

உண்பது மென்மையானது என்ற நிலைப்பாட்டுக்கு அரசு முத்திரை தந்தது 1893-94இன் இந்தியக் கஞ்சா ஆணையம். இந்தியாவின் மனநலக் காப்பகங்கள் கஞ்சாவால் நிரம்புகின்றன என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்த கவலையே அது பிறக்கக் காரணம். 1,193 சாட்சிகளை விசாரித்த ஆணையம், காப்பகப் பதிவேடுகளில் கஞ்சாவைக் காரணமாகக் காட்டிய பல குறிப்புகள் நம்பத்தக்கவை அல்ல என்று கண்டது. மிதமான பழக்கத்தால் பெரும் தீங்கு இல்லை, தடையைவிட வரியும் கட்டுப்பாடும் மேல் என்று முடித்தது. கஞ்சாப் பூ, சரஸ் என்ற பிசின், பாங்கு ஆகிய மூன்றில் இலையை அரைத்துப் பாலிலும் இனிப்பிலும் கலக்கும் பாங்கை மிகக் குறைந்த தீங்குடையதாக வைத்தது.

முடிவின் நிதானம் போற்றத்தக்கது. ஆனால் அதன் அடித்தளத்தில் ஒரு பலவீனம் இருந்தது. பாங்கு பெரும்பாலும் திருவிழாவிலும் வழிபாட்டிலும் வழக்கமான கட்டுக்குள் அருந்தப்பட்டது. கஞ்சா புகைத்தவர்களில் உழைப்பாளிகளும் பண்டாரங்களும் அதிகம். சாட்சிகள் கண்ட வித்தியாசத்தில் பொருளின் பங்கு எவ்வளவு, அருந்தியவர்களின் சமூக நிலைக்கும் அதைப் பார்த்தவர்களின் மதிப்பீட்டுக்கும் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. டி.எச்.சி.யை அளக்கும் வேதியியலும் அப்போது இல்லை. இலையில் சாரம் பூவைவிடக் குறைவு என்பது உண்மை. அரைத்துக் குளிர்ந்த பாலில் கலப்பதால் அமிலம் முழுக்க மாறுவதும் இல்லை. எனவே பாங்கு சாது என்ற அனுபவம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சாதுத்தன்மை இலையிலிருந்து வந்தது. வாய் வழியாகப் போவதால் வந்தது என்று கொள்ள அதில் ஆதாரமில்லை. பூவையோ பிசினையோ நெய்யில் இறக்கினால் பாங்கின் நற்பெயர் அந்த நெய்க்குத் தானாக ஒட்டிக்கொள்ளாது.

சட்டம் இந்த வேறுபாட்டைச் செடியின் உறுப்பை வைத்துப் பிடித்துக்கொண்டது. 1961இன் ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கை, பூத்த நுனியோடு சேராத இலையையும் விதையையும் கஞ்சா என்ற வரையறைக்கு வெளியே விட்டது. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமும் அதையே பின்பற்றியது. உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் நடப்பதற்கு இதுவே காரணம். அதே சட்டம், பூவிலிருந்தோ பிசினிலிருந்தோ செய்த கலவையையும் பானத்தையும் தெளிவாகத் தடைக்குள் வைத்திருக்கிறது. ஆகவே இந்தியாவில் பூவை வைத்து வீட்டில் நெய்யோ வெண்ணெயோ தயாரிப்பது, எவ்வளவு சிறிய அளவானாலும், குற்றம்.

மருந்துக்கடையின் சலிப்பு

ஐரோப்பாவுக்குப் போன நெய்ச் சாரம் எதிர்ப்பக்க விடையைக் கொண்டுவந்தது. பாரிஸ் மனநல மருத்துவர் மொரோ த தூர் 1845இல் வெளியிட்ட நூலில், வெண்ணெயில் இறக்கிய சாரத்தை மனநோயின் தன்மையை உள்ளிருந்தே அறிவதற்கான கருவியாக முன்வைத்தார். தெயோஃபில் கோத்தியே, பிறகு போத்லேர் ஆகியோரின் எழுத்துகளில் அதே பச்சைக் களிம்பு வருகிறது. இவர்கள் பார்வையில் உண்ணும் கஞ்சா மனத்தையே கலைத்துப்போடும் வல்லமை கொண்டது. இந்தச் சாட்சியங்களை அப்படியே ஏற்கத் தயங்க வேண்டும். உண்டவர்கள் இலக்கியவாதிகள், அசாதாரணத்தைத் தேடிப் போனவர்கள், உண்ட அளவும் பெரிது.

பிரிட்டிஷ் மருத்துவர்களின் புகார் எளிமையானது. ஒரு புட்டிச் சாரம் ஒன்றும் செய்யாது, அடுத்த புட்டி நோயாளியைச் சாய்த்துவிடும். விக்டோரியா அரசியின் மருத்துவர்களில் ஒருவரான ரஸ்ஸல் ரேனால்ட்ஸ் 1890இல் இந்த ஏற்ற இறக்கம் குறித்து எச்சரித்து, மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றச் சொன்னார். 1932இல் பிரிட்டிஷ் மருந்து நூலிலிருந்தும் 1942இல் அமெரிக்க மருந்து நூலிலிருந்தும் கஞ்சா நீங்கியது. அரசியல் காரணங்கள் பலமாக இருந்தன. அளவு நிலைக்காததும் ஒரு காரணம்.

நுரையீரலும் கல்லீரலும்

புகையாகப் போகும் டி.எச்.சி. நிமிடங்களில் மூளையை எட்டுகிறது. உண்டது குடலைக் கடந்து முதலில் கல்லீரலுக்குப் போகிறது, அங்கே பெரும்பகுதி சிதைகிறது. 1980இல் வெளியான ஓர் ஆய்வில் தன்னார்வலர்களுக்கு 20 மில்லிகிராம் டி.எச்.சி.யைச் சாக்லேட் பிஸ்கட்டில் வைத்துக் கொடுத்தார்கள். ரத்தத்தை எட்டிய பங்கு சராசரியாக 6 விழுக்காடு. புகைத்தபோது அது சுமார் 18 விழுக்காடு. இந்த எண்ணை மட்டும் பார்த்தால் உண்பது மென்மையானது என்ற கட்சியே வெல்ல வேண்டும்.

ஆனால் கல்லீரல் சிதைக்கும்போது 11-ஹைட்ராக்ஸி-டி.எச்.சி. என்ற இன்னொரு சேர்மம் உருவாகிறது. அதற்கும் போதை உண்டு. உண்ணும்போது அது புகைப்பதைவிடக் கணிசமாகக் கூடுதலாக உண்டாகிறது. இதை வைத்து, உண்ணும் கஞ்சா பல மடங்கு வலியது என்ற பேச்சு வெகுவாகப் பரவியிருக்கிறது. அதற்கான சான்று அவ்வளவு உறுதியானதல்ல. 1970களின் தொடக்கத்தில் இந்தச் சேர்மத்தை நேரடியாக நரம்பில் செலுத்திப் பார்த்த மனித ஆய்வுகளில், அதன் வலு டி.எச்.சி.க்கு ஏறத்தாழ நிகர் என்று ஒரு சாரார் கண்டார்கள். சற்று வேகமாகவும் அழுத்தமாகவும் வேலை செய்கிறது என்று மற்றொரு சாரார் கண்டார்கள். பங்கேற்றவர்கள் மிகச் சிலரே.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது நேரம். உண்டால் விளைவு தெரிய அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஆகலாம், சில சமயம் அதற்கும் மேல். உச்சம் 2 முதல் 4 மணி நேரத்தில் வரும். பிறகும் பல மணி நேரம் நீடிக்கும். கொழுப்பு இந்தக் கணக்கை இன்னும் குழப்புகிறது. மாரினால் மருந்துக் குறிப்பின்படி, கொழுப்பு மிகுந்த உணவோடு எடுத்தால் உச்சம் ஏறத்தாழ 4 மணி நேரம் தள்ளிப்போகிறது. உடல் மொத்தமாகப் பெறும் டி.எச்.சி. ஏறக்குறைய 3 மடங்காகிறது. கஞ்சா வெண்ணெயில் கொழுப்பு உள்ளேயே இருக்கிறது. அதே வெண்ணெயை வெறும் வயிற்றில் உண்பவருக்கும் விருந்துக்குப் பின் உண்பவருக்கும் அனுபவம் வேறாவதில் வியப்பில்லை. டி.எச்.சி.யைச் சிதைக்கும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே மந்தமாக இருக்கிறது. அவர்களுக்கு அதே வில்லை பலருக்குச் செய்வதைவிட அதிகம் செய்யும்.

புகைப்பவர் விளைவை உடனே உணர்வதால் நிறுத்திக்கொள்ள முடிகிறது. உண்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டாவது துண்டை எடுக்கும் நேரத்தில் முதல் துண்டு இன்னும் குடலில்தான் இருக்கிறது.

சமையலறை நியாயம்

வீட்டுத் தயாரிப்புக்கு ஆதரவான வலுவான வாதம் நோயாளிகளிடமிருந்து வந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் மேரி ஜேன் ராத்பன் என்ற மூதாட்டி, 1980களில் எய்ட்ஸ் நோயாளிகளின் வாந்தியையும் பசியின்மையையும் தணிக்கக் கஞ்சா வெண்ணெயில் பிரௌனி சுட்டுக் கொடுத்தார். பலமுறை கைதானார். 1992இல் நகர நிர்வாகம் அவர் பெயரில் ஒரு நாளையே அறிவித்தது. 1996இல் கலிஃபோர்னியா மருத்துவக் கஞ்சாவை அனுமதித்ததற்குப் பின்னால் இத்தகையோரின் உழைப்பு இருக்கிறது.  

கனடாவில் இந்த வாதம் உச்ச நீதிமன்றம்வரை போனது. விக்டோரியா நகரில் நோயாளிகள் சங்கம் ஒன்றுக்காகக் கஞ்சா பிஸ்கட்டும் எண்ணெயும் தயாரித்த ஓவன் ஸ்மித் 2009இல் கைதானார். அன்றைய விதி நோயாளிகளுக்கு உலர்ந்த கஞ்சாவை மட்டுமே அனுமதித்தது. புகைக்கலாம், சமைத்து உண்ணக்கூடாது. நோயாளியைப் புகையை நோக்கித் தள்ளும் இந்த விதி அவருடைய உரிமையைப் பறிக்கிறது என்று 2015 ஜூனில் நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நுரையீரலுக்குக் கேடில்லை என்பதும், விளைவு நீண்ட நேரம் நிற்பதால் இரவில் வலியோடு விழிக்க வேண்டியதில்லை என்பதும் வலுவான நியாயங்கள். விருந்தில் ஆபத்தாகும் அதே தாமதமும் நீடிப்பும் நாட்பட்ட வலிக்கு நன்மையாகலாம். உண்பதே கடுமையானது என்று பொதுவாகத் தீர்ப்பளிப்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

மில்லிகிராம் என்ற விடை

2014 ஜனவரியில் கொலராடோவில் சில்லறை விற்பனை தொடங்கியது. இரண்டே மாதங்களில் ஒரு துயரம் நடந்தது. 19 வயது இளைஞர் ஒருவர் 65 மில்லிகிராம் டி.எச்.சி. கொண்ட பிஸ்கட்டில், கடைக்காரர் சொன்னபடி ஒரு துண்டை மட்டும் உண்டார். அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை எதுவும் தெரியாததால் மீதியையும் உண்டார். அடுத்த இரண்டு மணி நேரத்தில் அவர் பேச்சும் நடத்தையும் தாறுமாறாகின. நான்காம் மாடி மாடத்திலிருந்து குதித்து இறந்தார். மாநிலம் ஒரு வேளைக்கு 10 மில்லிகிராம் என்ற அளவைக் கறாராக்கித் துண்டுகளைப் பிரித்துக் காட்டச் செய்தது. 2019இல் உண்பண்டங்களை அனுமதித்த கனடா, ஒரு பொட்டலத்துக்கே 10 மில்லிகிராம் என்று வரம்பிட்டது.

எண் வந்ததும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கக் கடைகளில் வாங்கிய 75 பண்டங்களைச் சோதித்ததில் லேபிளில் உள்ள டி.எச்.சி. அளவு சரியாக இருந்தவை 17 விழுக்காடு மட்டுமே. 2019இல் வெளியான கொலராடோ மருத்துவமனை ஆய்வு ஒன்றில், கஞ்சா தொடர்பான அவசரச் சிகிச்சை வருகைகளில் உண்பண்டங்களின் பங்கு 10.7 விழுக்காடாக இருந்தது. மாநிலத்தில் விற்ற டி.எச்.சி.யில் அவற்றின் பங்கு 0.32 விழுக்காடுதான். இது ஒரே மருத்துவமனையின் கணக்கு. நீண்ட நேரம் நீடிப்பதால் பயந்து வந்தவர்களும் இதில் அதிகம் இருக்கலாம். ஆனாலும் இந்த இடைவெளியைப் புறந்தள்ள முடியாது.

குழந்தைகளின் கதை இன்னும் கவலை தருவது. அமெரிக்க நச்சுத் தகவல் மையங்களுக்கு வந்த, 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் கஞ்சாப் பண்டம் தின்றுவிட்ட நிகழ்வுகள் 2017இல் 207. 2021இல் 3,054. குழந்தைக்கு இனிப்பு இனிப்புதான். வீட்டில் செய்த வெண்ணெயில் எச்சரிக்கை லேபிளும் இல்லை, குழந்தையால் திறக்க முடியாத உறையும் இல்லை. குளிர்பெட்டியில் அது வெறும் வெண்ணெயாகவே இருக்கும்.

வீட்டுத் தயாரிப்பின் அடிப்படைக் குறை இங்கேதான் தெரிகிறது. ஆய்வகச் சோதனையுள்ள தொழிற்சாலையே லேபிளில் தவறும்போது, பூவின் வலு, சூட்டின் நேரம், துணியில் தங்கியது, மாவில் சீராகக் கலந்ததா என்ற நான்கு அறியாமைகளோடு தொடங்கும் சமையலறை துண்டுக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொன்னால் அது ஊகமே. ஒரே தட்டில் சுட்ட இரண்டு பிரௌனிகளும் சமமாக இருக்க வேண்டியதில்லை. அமீருக்கு இருந்த கைப்பக்குவம் இன்றைய சமையல்காரருக்கும் இருக்கலாம். அமீருக்கு இல்லாத அளவுகோல் அவருக்கும் இல்லை.

எதை எடை போடுவது

நீதிமன்றங்கள் இதே சிக்கலை வேறு கோணத்தில் சந்திக்கின்றன. 2014இல் டெக்சாஸில் கஞ்சாப் பிசின் எண்ணெய் கலந்த பிரௌனி வைத்திருந்த ஒரு 19 வயது இளைஞர்மீது, மாவும் சர்க்கரையும் சேர்ந்த முழு எடைக்கும் வழக்கு போடப்பட்டது. ஆயுள் தண்டனைவரை போகக்கூடிய குற்றச்சாட்டு பிறகு குறைக்கப்பட்டது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2020இல் ஹீரா சிங் வழக்கில், போதைப்பொருளோடு கலந்த நடுநிலைப் பொருளின் எடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்றது. கலப்படம் செய்து விற்பவர்களை மனதில் வைத்துப் பார்த்தால் அந்தத் தர்க்கம் விளங்குகிறது. சமைத்த பண்டத்துக்கு அதைப் பொருத்தினால், சாரம் குறைந்த பெரிய கேக்குக்குத் தண்டனை கூடும், சாரம் மிகுந்த சிறு வில்லைக்குக் குறையும். தவிர, பூவின் சாரம் இறங்கிய நெய் இந்தியச் சட்டத்தில் கஞ்சாக் கலவையா, பிரித்தெடுத்த பிசினான சரஸா என்பதும் சிறிய விஷயமல்ல. கடும் தண்டனைக்குரிய வணிக அளவு கஞ்சாவுக்கு 20 கிலோ, சரஸுக்கு 1 கிலோ.

திறந்திருக்கும் கேள்விகள் இன்னும் சில. 11-ஹைட்ராக்ஸி-டி.எச்.சி. உண்மையில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதற்குப் பெரிய மனித ஆய்வுகள் வேண்டும். இந்தியப் பாங்குக் கடைகளின் உருண்டைகளில் டி.எச்.சி. எவ்வளவு என்று பரவலாக அளந்து வெளியிட்டால், ஆணையம் 1894இல் அளக்க வழியில்லாமல் சொன்னதைச் சரிபார்க்க முடியும். அதற்குத் தடையாக இருப்பது தொழில்நுட்பம் அல்ல. புற்றுநோய் நோயாளிக்குப் பலன் தரும் நீடித்த விளைவையும் புதியவரை மருத்துவமனைக்கு அனுப்பும் அதே நீடித்த விளைவையும் ஒரே விதியால் ஆள முடியுமா என்பதற்கு அனுமதித்த நாடுகளிடமும் தடைசெய்த நாடுகளிடமும் இன்றுவரை நிறைவான விடை இல்லை. கனடாவின் 10 மில்லிகிராம் வரம்பைப் போதாதென்று நோயாளிகள் சொல்கிறார்கள், குழந்தை மருத்துவர்கள் தளர்த்தவே கூடாது என்கிறார்கள். இரு தரப்பும் காட்டும் சான்று அவரவர் பார்க்கும் வார்டிலிருந்து வருவதுதான்.